பக்கத்து பெஞ்சில் வெளிநாட்டுப் பிள்ளை!

ஒரு வீடு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டுக்கு மூன்றாவதாக ஒரு பிள்ளை வந்து சேருகிறது.

அதற்கு வயது பதினாறு. பிறந்தது வேறு நாடு. பேசுவது வேறு மொழி. பெற்ற தாயும் தகப்பனும் பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

ஒரு பள்ளிக்கூட ஆண்டு முழுவதும், அதாவது பத்து மாதம், அந்தப் பிள்ளை அங்கே தங்கும். வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதைச் சாப்பிடும். காலையில் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளிக்கூடம் போகும். வீட்டுக்காரரை "அப்பா" என்று கூப்பிடும். வீட்டுக்கார அம்மாளை "அம்மா" என்று கூப்பிடும்.

இதற்கு வாடகை உண்டா? கிடையாது. சாப்பாட்டுக்குப் பணம் உண்டா? பெரும்பாலும் அதுவும் கிடையாது!

"இப்படியும் நடக்குமா?" என்று கேட்கலாம். நடக்கிறது. பல நாடுகளில், பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. இதற்கு "மாணவர் பரிமாற்றம்" என்று பெயர். ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டுக்குப் போகும். அங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கும். ஆண்டு முடிந்ததும் ஊர் திரும்பும். இதற்குப் பட்டம் கிடையாது. அந்த ஊர்ப் பிள்ளையைப் போல வாழ்ந்து பார்ப்பதுதான் படிப்பு.

திண்டுக்கல் பக்கத்து மக்களுக்கு வெளிநாட்டு மாணவர்கள் புதிது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளைக்காரப் பிள்ளைகள் இந்தச் சமவெளி வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அவர்கள் உட்காரவில்லை!

கொடை ரோட்டில் இறங்கியவர்கள்

அமெரிக்கப் பாதிரிமார்கள் 1834-ல் மதுரைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லிலும் குடியேறினார்கள். பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வைத்தியமும் பார்த்தார்கள்.

சமவெளி வெயில் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலும் காலராவும் பல உயிர்களைக் கொண்டுபோயின. ஆகவே குளிர்ச்சியான இடம் தேடினார்கள். பழனி மலைமேல் கொடைக்கானலில் 1845-ல் அவர்களுடைய முதல் வீடுகள் எழுந்தன.

உடம்பு பிழைத்தது. பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது? படிப்பதற்காகச் சிறு வயதிலேயே பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டி இருந்தது. கப்பல் பிரயாணம். போனால் பெற்றோரைப் பார்க்கப் பல வருடம் ஆகும். தாய்மார்கள் கண்ணீர் விட்டார்கள்.

இந்தக் கண்ணீரைத் துடைக்க, 1901-ல் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. அதற்கு "ஹைகிளார்க் பள்ளி" என்று பெயர். முதல் தலைமை ஆசிரியை மார்கரெட் எடி என்ற அமெரிக்க அம்மாள். இந்தியாவில் இருந்த மகனைப் பார்க்க வந்த இடத்தில் அவருக்கு இந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது!

அந்தக் காலத்தில் மலைக்கு மோட்டார் சாலை இல்லை. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே அம்மையநாயக்கனூரில் ரயில் நிற்கும். அந்த நிலையத்துக்குத்தான் "கொடைக்கானல் ரோடு" என்று பெயர். அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் போகவேண்டும். அதற்கு மேல் நடை, குதிரை அல்லது டோலி. சுமார் 7,000 அடி உயரம் ஏறவேண்டும்!

சமவெளியில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு ஆயா சொல்லித் தந்த தமிழ் தெரியும். பள்ளிக்கூடத்திலோ பாடத்திட்டம் அமெரிக்காவுடையது. வகுப்புத் தோழர்களும் பாதிரிமார் பிள்ளைகளே. திண்டுக்கல்லில் ஓடி விளையாடிய வெள்ளைக்காரச் சிறுவனுக்கு, படிக்கிற வயது வந்ததும் திண்டுக்கல் சிறுவன் தோழனாக இல்லை.

பிறகு காலம் மாறியது. இந்தியா விடுதலை அடைந்தது. பாதிரிமார்களின் எண்ணிக்கை குறைந்தது. 1970-களில் அந்தப் பள்ளி "கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி" ஆனது. பல நாடுகளில் ஒப்புக்கொள்ளப்படும் "ஐ.பி." என்ற படிப்பை, 1976-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக அங்கேதான் கொண்டுவந்தார்கள். இன்று இந்தியப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே வகுப்பில் படிக்கிறார்கள்.

அது விடுதிப் பள்ளி. கட்டணம் அதிகம். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை சேர்வது கடினம். மாணவர் பரிமாற்றத்தின் வழி வேறு. அதில் விடுதி கிடையாது. வீடுதான் விடுதி! தெருவில் இருக்கும் பள்ளிக்கூடம்தான் பள்ளிக்கூடம்!

டிரைவர்கள் போட்ட விதை

இந்த யோசனை யாருக்கு வந்தது? மந்திரிகளுக்கா? பேராசிரியர்களுக்கா? ஆம்புலன்ஸ் டிரைவர்களுக்கு!

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பாரிஸ் நகரில் இருந்த அமெரிக்கர்கள் சிலர், அடிபட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பியாட் ஆண்ட்ரூ என்பவர் அவர்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். "அமெரிக்கன் பீல்டு சர்வீஸ்" என்று அதற்குப் பெயர். சுருக்கமாக ஏ.எப்.எஸ். அதில் சேர்ந்த வாலிபர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். துப்பாக்கி பிடிக்காமல், குண்டு விழும் இடத்துக்கு வண்டி ஓட்டினார்கள்.

இரண்டாவது உலகப் போரிலும் இந்த டிரைவர்கள் களத்துக்கு வந்தார்கள். இந்தியா–பர்மா எல்லையிலும் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள்.

போர் முடிந்தது. 1946-ல் பழைய டிரைவர்கள் நியூயார்க்கில் கூடினார்கள். அவர்களின் தலைவர் ஸ்டீபன் கலாட்டி. "இனி ஆம்புலன்சுக்கு வேலை இல்லை. சங்கத்தைக் கலைத்துவிடலாமா?" என்ற கேள்வி எழுந்தது.

அவர்கள் கலைக்கவில்லை. அடிபட்ட பிறகு ஆளைத் தூக்குவதைவிட, அடிபடாமல் தடுப்பது மேல் என்று முடிவு செய்தார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டுத் தாயின் கையால் சாப்பிட்டு வளர்ந்தால், நாளைக்கு அந்த நாட்டைச் சுட அதன் கை கூசும் அல்லவா?

1947-ல் 10 நாடுகளில் இருந்து 52 மாணவர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அமெரிக்கக் குடும்பங்களில் தங்கிப் படித்தார்கள்.

இதே எண்ணம் வேறு சிலருக்கும் முன்பே தோன்றி இருந்தது. பிரான்சில் நீஸ் நகர ரோட்டரி சங்கம் 1927-லேயே ஐரோப்பிய மாணவர்களைப் பரிமாறத் தொடங்கியது. 1932-ல் டொனால்டு வாட் என்ற அமெரிக்கர், மாணவர்களை ஐரோப்பியக் குடும்பங்களில் தங்க வைக்கும் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஓட்டலில் தங்கினால் ஊரைப் பார்க்கலாம், வீட்டில் தங்கினால்தான் மனிதரைப் பார்க்கலாம் என்பதே இவர்கள் எல்லாரும் கண்ட உண்மை.

வீட்டில் என்ன சட்டம்?

முன்பின் தெரியாத வீட்டில் வயதுவந்த பிள்ளையை விடுவது எப்படி? எந்தத் தாய்க்கும் இந்தப் பயம் வரும். அதற்காகக் கண்டிப்பான விதிகள் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே வரும் மாணவருக்கு வயது 15-க்குக் குறையக்கூடாது. பதினெட்டரை தாண்டக்கூடாது. தங்க வைக்கும் வீட்டுக்குப் பரிமாற்ற அமைப்பினர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும். அந்த வீட்டில் 18 வயது நிரம்பிய எல்லாரையும் பற்றி, குற்ற வழக்கு ஏதும் உண்டா என்று விசாரிக்கவேண்டும். மாணவருக்குத் தனிக் கட்டில் தரவேண்டும். பள்ளிக்கூடத்தின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கவேண்டும். பரிமாற்ற அமைப்பைச் சேர்ந்த உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் மாதம் ஒரு தடவையாவது மாணவரிடம் பேசி, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கவேண்டும்.

மாணவருக்கும் கட்டுப்பாடு உண்டு. ரோட்டரி சங்கத்தில் இது பிரசித்தம். குடிக்கக்கூடாது. போதைப்பொருளைத் தொடக்கூடாது. கார் ஓட்டக்கூடாது. காதல் விவகாரம் கூடாது. மீறினால் மூட்டை கட்டவேண்டியதுதான்!

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர், 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும். இதைச் செய்யாமல் யாரையும் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது.

அங்கே பள்ளிக்கூடம் எப்படி?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி நான்கு ஆண்டுப் படிப்பு. 9-ம் வகுப்பில் இருந்து 12-ம் வகுப்பு வரை.

நம் பள்ளியில் மாணவர்கள் ஒரே அறையில் இருப்பார்கள். ஆசிரியர்கள் மாறி மாறி வருவார்கள். அங்கே தலைகீழ்! ஆசிரியர் தம் அறையில் இருப்பார். மணி அடித்ததும் மாணவர்கள் எழுந்து அடுத்த அறைக்கு ஓடுவார்கள். பல பாடங்களை மாணவர்களே தேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். ஒருவன் கணக்கோடு தச்சு வேலையும் படிப்பான். இன்னொருத்தி வேதியியலோடு நாடகமும் படிப்பாள்.

மாலையில் வகுப்பு முடிந்தாலும் பள்ளிக்கூடம் முடியாது. பந்தாட்டம், பேண்டு வாத்தியம், நாடக ஒத்திகை என்று பொழுது போகும். வெளிநாட்டு மாணவருக்கு நண்பர்கள் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். வகுப்பில் வாய் திறக்கப் பயப்படும் பிள்ளை, மைதானத்தில் பந்தைப் பிடித்துவிட்டால் போதும். பெயர் தெரிந்துவிடும்!

இப்போது மறுபக்கம் பார்ப்போம். ஒரு ஜெர்மனிப் பையன் திண்டுக்கல்லில் உயர்நிலைப் பள்ளியில் உட்காருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு எதுவெல்லாம் புதுமை?

காலையில் எல்லாரும் வரிசையாக நின்று தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவது புதுமை. எல்லாரும் ஒரே நிறச் சட்டை போடுவது புதுமை. ஆசிரியர் நுழைந்ததும் வகுப்பு முழுவதும் எழுந்து நிற்பது புதுமை. பெஞ்சில் இடித்துக்கொண்டு நெருக்கி உட்காருவது புதுமை.

மத்தியானச் சாப்பாடு எல்லாவற்றையும்விடப் புதுமை. அவன் ஊரில் அவனவன் தட்டு அவனவனுக்கு. இங்கேயோ டிபன் பாக்ஸ் திறந்ததும் நாலு கை உள்ளே வரும்! ஒருவன் வீட்டுப் புளிச்சோறு இன்னொருவன் வாய்க்குப் போகும். பரிமாற்றம் என்றால் இதைவிட வேறு என்ன வேண்டும்?

"பிளஸ்-2 மார்க் கவலையில் இருக்கும்போது இந்தப் பிள்ளை எதற்கு?" என்று சில பெற்றோர் நினைக்கலாம். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதில் லாபமும் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பல வருடம் இங்கிலீஷ் படிக்கிறார்கள். பரீட்சையில் மார்க் வாங்குகிறார்கள். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தப்பாகப் பேசினால் யாராவது சிரிப்பார்களே என்ற வெட்கம்! பக்கத்து பெஞ்சில் இருப்பவன் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசும்போது, இந்த வெட்கம் பறந்துவிடும். இரண்டு பேரும் தப்பாகப் பேசுவார்கள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். இரண்டு பேரும் கற்றுக்கொள்வார்கள்.

பிரெஞ்சுப் பெண்ணின் ஓராண்டு

1973-ல் பிரான்சில் இருந்து ஒரு பெண், ஏ.எப்.எஸ். உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவுக்குப் போனாள். அப்போது அவளுக்கு 17 வயது. இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்தவள்.

வாஷிங்டன் நகரை அடுத்த பெதஸ்டா என்ற ஊரில், "ஹோல்டன் ஆர்ம்ஸ்" என்ற பெண்கள் பள்ளியில் ஓர் ஆண்டு படித்தாள். அந்தச் சமயம் அமெரிக்காவே கொந்தளித்துக்கொண்டு இருந்தது. ஜனாதிபதி நிக்சன் மீது "வாட்டர்கேட்" குற்றச்சாட்டு! வில்லியம் கோகென் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் அந்தப் பெண் பயிற்சி வேலை பார்த்தாள். அவருடைய தொகுதியில் பிரெஞ்சு பேசும் மக்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் எழுத அவளுடைய பிரெஞ்சு உதவியது.

அந்தப் பெண் யார் தெரியுமா? கிறிஸ்டின் லகார்ட்! பிற்காலத்தில் அவர் பிரான்சின் நிதி மந்திரி ஆனார். 2011-ல் சர்வதேச நாணய நிதியத்துக்குத் தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. 2019-ல் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைமைக்கு வந்தார். அங்கும் அவர்தான் முதல் பெண்.

பரிமாற்றத்தில் போன எல்லாரும் லகார்ட் ஆகிவிடுவார்களா? மாட்டார்கள். பெரும்பாலானவர்கள் ஊருக்குத் திரும்பி, சாதாரண வேலை பார்த்து, சாதாரண வாழ்க்கை நடத்துகிறார்கள். ஆனால் கடல் கடந்து இன்னொரு வீடு தனக்கு இருக்கிறது என்ற தைரியம் அவர்களோடு கடைசி வரை வருகிறது.

தொட்டில் போன்ற மனசு

இந்த ஓராண்டு முழுவதும் சந்தோஷமாகப் போகுமா? போகாது.

முதல் சில வாரம் எல்லாம் வேடிக்கை. எதைப் பார்த்தாலும் ஆச்சரியம். பிறகு ஒருநாள் வயிறு கேட்கத் தொடங்கும். அம்மா வைத்த குழம்பு நினைவுக்கு வரும். மொழி புரியாமல் நாள் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததால் தலை வலிக்கும். மற்றவர்கள் சிரிக்கும்போது தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றும். கதவைச் சாத்திக்கொண்டு அழும்.

இதற்குக் "கலாசார அதிர்ச்சி" என்று பெயர். கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியல் அறிஞர் 1950-களில் இதைப்பற்றி விளக்கிப் பேசினார். சுவேரே லிஸ்கார்ட் என்பவர் நார்வே நாட்டுக்காரர். அமெரிக்கா போய்த் திரும்பிய சுமார் 200 நார்வேக்காரர்களை அவர் விசாரித்தார். 1955-ல் முடிவை வெளியிட்டார். மனசு முதலில் மேலே இருக்கிறது. நடுவில் கீழே இறங்குகிறது. பிறகு மெல்ல மேலே ஏறுகிறது. சேலையில் கட்டிய தொட்டில் தொங்குமே, அந்த வடிவம்! எல்லாருக்கும் இப்படியே நடப்பது இல்லை என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். ஆனாலும் நடுவில் ஒரு பள்ளம் வரலாம் என்று தெரிந்திருப்பது நல்லது. தெரிந்தால், தாய் பதற மாட்டாள்.

இந்தக் காலத்தில் இன்னொரு சங்கடம். முன்பெல்லாம் கடிதம் போய்ச் சேரவே பல நாள் ஆகும். இப்போது கையில் போன் இருக்கிறது. தினமும் ராத்திரி அம்மா முகத்தைப் பார்த்துப் பேசலாம். நல்லதுதானே? அளவோடு இருந்தால் நல்லது. உடம்பு ஒரு ஊரிலும் மனசு ஒரு ஊரிலும் இருந்தால், இரண்டு ஊரும் இல்லாமல் போகும். வாரம் ஒருநாள் பேசினால் போதும் என்பதே அனுபவசாலிகளின் புத்திமதி.

இலை போட்டு உபசரித்தால்...

திண்டுக்கல் சமவெளி மக்களுக்கு உபசாரம் சொல்லித் தரவேண்டியது இல்லை. வெளியூரில் இருந்து ஆள் வந்தால் நாற்காலி துடைத்துப் போடுவார்கள். சீரகச் சம்பா அரிசியில் பிரியாணி செய்வார்கள். கை கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவருவார்கள். "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள்.

இரண்டு நாள் விருந்துக்கு இது சரி. பத்து மாதம் இருக்கப்போகும் பிள்ளைக்கு இதுவே தண்டனை!

ஏன்? விருந்தாளி தனியாகச் சாப்பிடுகிறான். தனி அறையில் படுக்கிறான். அவன் வந்ததும் வீட்டார் பேச்சை நிறுத்துகிறார்கள். சண்டை போடுவதில்லை. சத்தமாகச் சிரிப்பதும் இல்லை. பத்து மாதம் விருந்தாளியாக இருப்பவன், பத்து மாதம் தனியாக இருக்கிறான்.

ஆகவே பரிமாற்ற அமைப்புகள் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான்: "அவனுக்காக வீட்டை மாற்றாதீர்கள். அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள்."

வேலை என்றால் என்ன? தட்டைக் கழுவி வைப்பது. துணி மடிப்பது. குழாயில் தண்ணீர் வரும்போது குடம் பிடிப்பது. கடைக்குப் போய்க் கருவேப்பிலை வாங்கி வருவது. ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ, நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கோ அப்பா போனால் கூடவே போவது. மலைக்கோட்டையை ஒருநாளில் ஏறிப் பார்த்துவிடலாம். பூட்டுக் கடையில் பூட்டு வாங்கிவிடலாம். சின்னாளபட்டியில் சேலை வாங்கிவிடலாம். சுற்றுலாக்காரரும் இதைத்தான் செய்கிறார். ஆனால் அப்பத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதைச் சுற்றுலாக்காரர் செய்யமுடியாது. வீட்டுப் பிள்ளைதான் செய்யமுடியும்.

கேள்வி கேட்கும் பிள்ளை

விருந்தாளி கேள்வி கேட்க மாட்டான். பிள்ளை கேட்கும்!

"நாம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டோம். அம்மா மட்டும் ஏன் கடைசியில் சாப்பிடுகிறார்கள்?"

"அக்கா தட்டுக் கழுவுகிறாள். அண்ணன் ஏன் கழுவவில்லை?"

"தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு ஏன் தனித் தம்ளர்?"

என்ன பதில் சொல்வது? "எங்கள் ஊர் வழக்கம்" என்று சொல்லலாம். ஆனால் சொல்லும்போதே நாக்கு தடுமாறும். பக்கத்தில் நிற்கும் சொந்தப் பிள்ளையும் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு இருக்கும்.

அன்னியர் கண்ணில் நம் முகம் தெரிவது உண்டு. அவர் முகமும் நம் கண்ணில் தெரிவது உண்டு. அமெரிக்க நீக்ரோ மக்களின் தலைவர் என்று அன்றைய பத்திரிகைகள் அழைத்த மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியாவுக்கு வந்தார். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள காந்திகிராமத்துக்கும் வந்தார். பிறகு திருவனந்தபுரம் போனார். அங்கே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டு இருந்த மக்களின் பிள்ளைகள் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அவரை அழைத்தார்கள். தலைமை ஆசிரியர் அவரை மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். "இவரும் உங்களைப் போல அமெரிக்காவில் தீண்டத்தகாதவர்" என்று பொருள்படச் சொன்னார்.

கிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் மனம் புண்பட்டது. பிறகு யோசித்தார். தம் நாட்டில் கறுப்பு மக்களின் நிலை அதுதானே என்று உணர்ந்தார். இதை அவரே 1965-ல் தம் கோவில் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் சிறிது நேரம் நின்றதற்கே இவ்வளவு பலன்! பத்து மாதம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் எவ்வளவு தெரியும்?

நம் பிள்ளை போக முடியுமா?

"வெளிநாடு போகப் பெரிய பணக்காரராக இருக்கவேண்டும்" என்று பலர் எண்ணுகிறார்கள். பணம் கட்டிப் போகும் திட்டங்கள் இருப்பது உண்மை. பணம் கட்டாமல் போகும் உபகாரச் சம்பளத் திட்டங்களும் இருந்து வந்திருக்கின்றன.

2001 செப்டம்பர் 11-ல் அமெரிக்காவில் பயங்கரத் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு, முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளோடு உறவை வளர்க்க அமெரிக்க அரசாங்கம் 2002-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. "கென்னடி–லூகர்" திட்டம் என்று பெயர். எட்வர்டு கென்னடி, ரிச்சர்டு லூகர் என்ற இரண்டு செனட்டர்களின் பெயரால் அமைந்தது. அதில் இந்தியப் பள்ளி மாணவர்களும் தேர்வாகி, அமெரிக்கக் குடும்பங்களில் தங்கிப் படித்துத் திரும்பி இருக்கிறார்கள்.

ஜப்பான் நாடு 2014-ல் "சகுரா" என்ற அறிவியல் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இது சில நாள் பயணம். இதிலும் இந்தியப் பள்ளி மாணவர்கள் போய் வந்திருக்கிறார்கள்.

ஆளைத் தேர்ந்து எடுக்கும்போது மார்க் மட்டும் பார்ப்பது இல்லை. புது இடத்தில் பொறுத்துப் போவானா? தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வானா? தன் ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்வானா? இதைத்தான் பார்க்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை இந்தப் பரீட்சையில் சளைத்தது அல்ல!

ஒரு எச்சரிக்கை. இந்தத் திட்டங்களின் விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். சில திட்டங்கள் நின்றும் போகும். "பணம் கொடு, பிள்ளையை அனுப்பிவைக்கிறேன்" என்று வீடு தேடி வரும் தரகரை நம்பக்கூடாது. பள்ளித் தலைமை ஆசிரியரைக் கலந்து, அமைப்பின் அலுவலகத்தில் நேராக விசாரிக்கவேண்டும்.

இன்னொன்றையும் பெற்றோர் நினைவில் வைக்கவேண்டும். போன பிள்ளை திரும்பி வந்து, விட்ட வகுப்பைத் தொடரவேண்டி இருக்கும். கூடப் படித்தவர்கள் ஒரு வகுப்பு மேலே போயிருப்பார்கள். ஒரு வருடம் வீணா? இதை வீட்டாரும் பிள்ளையும் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளவேண்டும்.

திரும்பும் நாள்

பத்து மாதம் ஓடிவிடும். பெட்டி கட்டும் நாள் வரும். வரும்போது அழுத பிள்ளை, போகும்போதும் அழும்!

ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கொஞ்ச நாள் தடுமாற்றம் இருக்கும். சொந்த வீட்டுச் சாப்பாடு உப்பு இல்லாததுபோல் தோன்றும். சொந்தத் தாயிடம் பேசும்போது இடையில் தமிழ் வார்த்தை வந்து விழும். "என் பிள்ளை மாறிவிட்டானே!" என்று அந்தத் தாய் திகைப்பாள். மாறத்தானே அனுப்பினாள்?

இங்கே திண்டுக்கல்லில் இருக்கும் தாயும் மாறித்தான் இருப்பாள். டி.வி.யில் அந்த நாட்டில் வெள்ளம் என்று செய்தி வந்தால், அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவாள். முன்பு அது படத்தில் பார்த்த தேசம். இப்போது அது பிள்ளை இருக்கும் ஊர்!

ஆம்புலன்ஸ் டிரைவர்கள் ஆசைப்பட்டது இதற்குத்தான். கொடை ரோட்டில் இறங்கி மலை ஏறிய பிள்ளைகளுக்கும், சமவெளியில் நின்று அவர்களை வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கும் கிடைக்காமல் போனதும் இதுதான்.

வெளிநாட்டுப் பிள்ளையை வரவேற்க மாலை வேண்டாம். மேளம் வேண்டாம். "தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை எடுத்துக்கொண்டு வாடா!" என்று ஒருநாள் அந்த வீட்டு அம்மா அதட்டினால் போதும். அன்றைக்கு அது வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது!